பெருந்தரவும் தொகுப்போர் கையும்: ‘பிக் டேட்டா’ நூலின் வாதத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தரவு என்னும் சொல் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. கல்வெட்டுத் தரவு, களஆய்வுத் தரவு, இலக்கியத் தரவு என நம் ஆய்வேடுகளில் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அங்கெல்லாம் தரவு என்பது ஒரு கருத்தை நிறுவுவதற்கோ மறுப்பதற்கோ ஆய்வாளர் தேடிக் கொணரும் சான்றையே குறித்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் இச்சொல்லின் முன் ‘பெரும்’ என்னும் அடை வந்து சேர்ந்தது. வானியல், மரபணுவியல், மருத்துவம், அங்காடி வணிகம், விளம்பரம் எனத் துறை வேறுபாடின்றிக் கணினிகளில் குவியும் அளவிறந்த பதிவுகளைத் தொகுத்துப் பகுப்பாய்வு செய்யும் முயற்சி ‘பெருந்தரவு’ எனப் பெயர் பெற்றது. அடை சேர்ந்ததோடு பொருளும் சற்றே நழுவியது. சான்றாக இருந்த தரவு, ஆய்வாளரின் வினாவையும் கோட்பாட்டையும் வேண்டாது தானே பேசும் ஒன்றாகக் கருதப்படலாயிற்று. ‘வயர்ட்’ இதழின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் 2008ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பே கோட்பாட்டின் முடிவை அறிவித்தது.

இக்கருத்தைச் சற்று நிதானமான குரலில், ஏராளமான எடுத்துக்காட்டுகளுடன் பொதுவாசகர்க்கு விளக்கிய நூல் விக்டர் மேயர் ஷோன்பெர்கர், கென்னத் குக்கியர் ஆகிய இருவரும் எழுதி 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிக் டேட்டா’ ஆகும். முன்னவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பின்னவர் ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழைச் சார்ந்தவர். நூல் வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில் அதனை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்நூலைப் படித்திராதவர்களும் அதன் எடுகோள்களை ஏற்றுக்கொண்டு செயற்படுகின்றனர். மின்வடிவில் கிடைக்கும் தமிழ் இலக்கியங்களில் ஒரு சொல்லைத் தேடி, கிடைத்த எண்ணிக்கையை அட்டவணையாக்கி, அவ்வட்டவணையிலிருந்து சங்ககால வாழ்வு பற்றிய முடிவுக்கு வரும் போக்கு நம் மாணவரிடையே வளர்ந்து வருவதைக் காண்கிறோம். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்னும் வினா அங்கு எழுவதே இல்லை. அவ்வினாவைப் பெருந்தரவுத் துறையின் சொந்த வரலாற்றைக் கொண்டே எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் வாதம்

நூலாசிரியர்கள் மூன்று மாற்றங்களைச் சுட்டுகின்றனர். முதலாவது, மாதிரி எடுத்து ஆய்ந்த காலம் போய் அனைத்தையும் ஆயும் காலம் வந்துவிட்டது என்பது. இரண்டாவது, தரவு மிகப் பெரிதாக இருக்குமாயின் அதிலுள்ள பிழைகளையும் ஒழுங்கின்மையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. மூன்றாவது, இரு நிகழ்வுகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்னும் உடன்தொடர்பை அறிந்தால் பெரும்பாலும் போதும். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்னும் காரணத்தைத் தேடி நிற்க வேண்டியதில்லை என்பது.

இவற்றுள் மூன்றாவதே பலராலும் விவாதிக்கப்பட்டது. இக்கட்டுரையாளரின் பார்வையில் முதலாவதே அடிப்படையானது. ‘அனைத்தும்’ நம் கையில் உள்ளது என்று நம்பினால்தான் பிழைகளைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியும். காரணத்தைக் கேட்காமலும் இருக்க முடியும். எனவே ‘அனைத்தும்’ என்னும் சொல்லையே உரசிப் பார்க்க வேண்டியுள்ளது.

காய்ச்சலைக் கணித்த கதை

நூலின் முதல் இயல் 2009ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சலோடு தொடங்குகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் மருத்துவர்களிடமிருந்து வாரந்தோறும் அறிக்கை பெற்று, காய்ச்சல் எங்கெங்கு பரவுகிறது என்பதை வெளியிடும். அறிக்கை வந்து சேரவும் தொகுக்கவும் ஓரிரு வாரங்கள் ஆகும். கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் இத்தாமதத்தைப் போக்க ஒரு வழி கண்டனர். மக்கள் தேடுபொறியில் இடும் சொற்றொடர்களுள் மிகுதியாக வழங்கும் 50 மில்லியனை எடுத்துக்கொண்டு, அவற்றுள் எவை மருத்துவ அறிக்கைகளின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகின்றன என்று கணினியைக் கொண்டு சோதித்தனர். 450 மில்லியன் கணித மாதிரிகள் சோதிக்கப்பட்டன. இறுதியில் 45 சொற்றொடர்கள் தேறின. ‘நேச்சர்’ இதழில் 2009ஆம் ஆண்டு அச்சேறிய இவ்வாய்வு உலகெங்கும் வியந்து பேசப்பட்டது. மருத்துவரைக் கேட்காமல், நோயியல் கோட்பாடு எதுவுமின்றி, தேடற் சொற்களைக் கொண்டே நோயின் போக்கை அறிய முடிந்தது என்பதே நூலாசிரியர்கள் இதிலிருந்து பெறும் செய்தி.

பின்னர் நிகழ்ந்தவை நூலுக்குள் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருக்கவும் முடியாது, ஏனெனில் நூல் அங்காடிக்கு வந்தது 2013 மார்ச்சு மாதம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், பிப்ரவரியில், அவ்வாண்டுக் குளிர்காலக் காய்ச்சலின் உச்சத்தைக் கூகுள் ஏறத்தாழ இருமடங்காக மிகைப்படுத்திவிட்டது என்னும் செய்தி அதே ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. ஆயினும் 2009ஆம் ஆண்டிலேயே ஒரு சறுக்கல் நிகழ்ந்திருந்தது. எச்1என்1 காய்ச்சலின் முதல் அலை வழக்கமான குளிர்காலத்தில் வராமல் வசந்தத்தில் வந்தமையால் கணிப்பு அதனைக் குறைத்து மதிப்பிட்டது. மாதிரியைத் திருத்த வேண்டியதாயிற்று. 2014ஆம் ஆண்டு டேவிட் லேசர் முதலிய நால்வர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை முழுக் கணக்கையும் முன்வைத்தது. 2011 ஆகஸ்டு தொடங்கி 108 வாரங்களில் 100 வாரங்கள் கணிப்பு உண்மையைவிட மிகுதியாகவே இருந்துள்ளது. இரண்டு மூன்று வாரங்கள் பழமையான மருத்துவ அறிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு போடும் எளிய கணக்கு அதைவிடச் செம்மையாக இருந்திருக்கும் என்பதையும் அவர்கள் காட்டினர். 2015ஆம் ஆண்டு கூகுள் இக்கணிப்புகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது.

ஏன் தவறியது என்பதே நமக்கு முக்கியம். 50 மில்லியன் சொற்றொடர்கள் எனும்போது தரவு மிகப் பெரிது எனத் தோன்றுகிறது. ஆனால் அவற்றைப் பொருத்திப் பார்க்கக் கிடைத்த மருத்துவப் புள்ளிகள் 1,152 மட்டுமே. அத்துணைச் சொற்களை இத்துணைச் சிறிய அளவுகோலில் பொருத்தினால், காய்ச்சலோடு எவ்வகையிலும் தொடர்பற்ற சொற்களும் தற்செயலாகப் பொருந்திவிடும். உயர்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து தொடர்பான தேடல்கள் அவ்வாறு பொருந்தின; ஆட்டமும் குளிர்காலத்தில், காய்ச்சலும் குளிர்காலத்தில். அவற்றைப் பொறியாளர்கள் நீக்கினர். எந்த அறிவைக் கொண்டு நீக்கினர்? கூடைப்பந்து காய்ச்சலை உண்டாக்காது என்னும் காரண அறிவைக் கொண்டுதான். கோட்பாடு வேண்டாம் என்று முன்வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தேடுபொறி என்பது மக்களின் மனத்தை அப்படியே காட்டும் கண்ணாடியன்று. அது ஒரு வணிகக் கருவி. அதன் உரிமையாளர் அதை ஓயாது மாற்றிக்கொண்டே இருப்பர். ஒருவர் இருமல் பற்றித் தேடினால் காய்ச்சல் பற்றிய பரிந்துரையைக் கருவியே முன்வைக்கும். அதைச் சொடுக்கியவர் காய்ச்சலைத் தேடியவராகக் கணக்கில் ஏறுவார். அளக்கும் கோலே அளக்கப்படும் பொருளை நீட்டிவிடும் நிலை இது. லேசர் குழுவினர் சுட்டிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவை அனைத்திற்கும் அடியில் ஒரு செய்தி கிடக்கிறது; நூலாசிரியர்கள் அதைக் கண்டும் கடந்து சென்றுள்ளனர் எனலாம். தேடற் சொற்கள் எதனோடு ஒப்பிடப்பட்டன? மருத்துவர்கள் வாரந்தோறும் அனுப்பிய அறிக்கைகளோடு. அவ்வறிக்கைக்கு வரையறை உண்டு: 37.8 செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல், அதனுடன் இருமலோ தொண்டைவலியோ இருத்தல் வேண்டும். எதை எண்ணுவது, எதை விடுவது என்று முன்கூட்டியே ஒருவர் தீர்மானித்துள்ளார். அந்தச் சிறிய, மெதுவான, வரையறையுடைய தரவு இல்லையெனில் 50 மில்லியன் சொற்றொடர்களுக்கும் பொருளில்லை.

மிகுதி காக்காது என்பதற்கு ஒரு பழைய சான்று

இது கணினிக் காலத்துச் சிக்கலன்று. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ 10 மில்லியன் பேருக்கு வாக்கெடுப்பு அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. 2 மில்லியனுக்கும் மேற்பட்டோர் மறுமொழி அனுப்பினர். அக்காலத்தில் அதனைப் பெருந்தரவு என்றே சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என்றது இதழ். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் பெறப்பட்டவை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் தொலைபேசியும் வாகனமும் வைத்திருந்தோர் யாவர், அவருள்ளும் அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பும் ஆர்வமுடையோர் யாவர் என்னும் வினாக்களை இதழ் எழுப்பவில்லை. மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ஜார்ஜ் கேலப் சரியான முடிவைச் சொன்னார்.

நூலாசிரியர்களின் சான்றே அவர்களுக்கு எதிராக

நூலில் இக்கட்டுரையாளரைப் பெரிதும் கவர்ந்த பகுதி மாத்யூ ஃபோன்டெய்ன் மோரி என்னும் கடற்படை அதிகாரியைப் பற்றியது. வண்டி விபத்தொன்றில் கால் முறிந்து கடற்பயணத்திற்குத் தகுதியிழந்த அவர், 1842ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்றார். அங்கே பழைய கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. எந்த நாளில், எந்த இடத்தில், காற்று எத்திசையில் வீசியது, நீரோட்டம் எவ்வாறிருந்தது என்னும் குறிப்புகளை அவற்றிலிருந்து எடுத்துத் தொகுத்து, கடல்வழிகளைக் குறுக்கும் வரைபடங்களை அவர் உருவாக்கினார். பெருந்தரவின் முன்னோடியாக நூல் அவரைக் கொண்டாடுகிறது. கொண்டாடத் தக்கவரே.

ஆயின் மோரி பழைய ஏடுகளோடு நிற்கவில்லை. அவற்றின் ஒழுங்கின்மை அவருக்குப் போதவில்லை. இன்ன இன்னவற்றை இவ்வாறு குறிக்க வேண்டும் என்னும் படிவத்தை வகுத்துக் கப்பல் தலைவர்களுக்குக் கொடுத்தார். படிவத்தை நிரப்பிக் கொணர்ந்தோர்க்கு வரைபடம் கிடைத்தது. 1853ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் பல நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெழுத உடன்பாடு ஏற்பட்டது. ஒழுங்கின்மையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் நூலின் இரண்டாம் வாதத்திற்கு அதன் நாயகரே மறுப்பாக நிற்கிறார். காற்றையும் நீரோட்டத்தையும் குறித்துவை என்று கேட்டவர், அவை கப்பலின் விரைவைத் தீர்மானிக்கின்றன என்னும் காரணத்தை அறிந்தே கேட்டார்.

இன்றைய அறிவியலில் மிகப் பெரிய தரவுக் களங்களுள் ஒன்றான ஜெனீவாவின் ஹாட்ரான் மோதுவியையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அதில் துகட்கற்றைகள் விநாடிக்கு ஏறத்தாழ 40 மில்லியன் முறை ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அவற்றுள் ஆய்வுக்கெனச் சேமிக்கப்படுபவை விநாடிக்கு ஓராயிரம் என்னும் அளவினவே. எஞ்சியவை கணப்பொழுதில் கழிக்கப்படுகின்றன. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதை இயற்பியல் கோட்பாடே தீர்மானிக்கிறது. 2012ஆம் ஆண்டு ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டது இவ்வாறு கழித்தபின் நின்ற தரவிலிருந்துதான்.

வணிகத் துறையில் நிலைமை வேறு. பெரும்புயல் வருமுன் மின்கைவிளக்குகளோடு குறிப்பிட்டதொரு தின்பண்டமும் மிகுதியாக விற்பனையாகிறது என்பதை வால்மார்ட் நிறுவனம் தன் விற்பனைப் பதிவுகளிலிருந்து கண்டுகொண்டது. ஏன் என்று கேட்கவில்லை, பண்டத்தைக் கடை முகப்பில் அடுக்கியது. கணிப்பு தவறினால் சில பெட்டிகள் தேங்கும், அவ்வளவே. தவறின் விலை மலிவாக உள்ள இடத்தில் உடன்தொடர்பு போதும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். நூலாசிரியர்களின் எடுத்துக்காட்டுகளுள் மிகுதியானவை இத்தகைய வணிக எடுத்துக்காட்டுகளே. அங்கே தகும் அளவுகோலை நோய்க்கும் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் நீட்டியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நடுநிலையோடு ஒன்றைக் கூற வேண்டும். பெருந்தரவின் தீமைகளை நூல் மறைக்கவில்லை. தனிமனித உரிமை பற்றியும், எண்களுக்கு அடிமையாவது பற்றியும் தனி இயலே உள்ளது. வியட்நாம் போரில் வீழ்ந்த பகைவர் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொண்ட ராபர்ட் மெக்னமாராவை அவ்வியல் சுட்டுகிறது. எண்ணிக்கை மிகுந்தால் மேலிடம் மகிழும் என்றறிந்த களத்து அதிகாரிகள் அதை மிகுத்தே அனுப்பினர். எனினும் இதனை நூல் எண்களைக் கையாள்வோரின் குற்றமாகக் காண்கிறதே ஒழிய, தரவு பிறக்கும்போதே அதனுள் நுழைந்துவிடும் தொகுப்போர் கையாகக் காணவில்லை.

தொகையும் தொகுத்தோரும்

தொகுப்போர் கை என்னும் இக்கருத்தைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மிகப் பழைய இலக்கியமே தொகையாகத்தான் நமக்குக் கிடைத்துள்ளது. தொகுத்தார் இன்னார், தொகுப்பித்தார் இன்னார் என்னும் குறிப்பும் பலவற்றிற்கு உண்டு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். நற்றிணையைத் தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. தரவோடு தொகுத்தவர் பெயரையும் சேர்த்து வைத்த மரபு இது.

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது முதல் சங்க இலக்கியம் மின்வடிவில் யாவர்க்கும் எட்டும் பொருளாயிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1960களின் இறுதியில் வெளியிட்ட சொல்லடைவு போன்றவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய தலைமுறைக்கு இது பெரும்பேறு. இனி ஒரு கற்பனை ஆய்வை எண்ணிப் பார்ப்போம். மாணவர் ஒருவர் அகநானூற்றின் நானூறு பாடல்களையும் திணைவாரியாகக் கணினியில் எண்ணுகிறார். பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40 என விடை வருகிறது. பாடல்களில் சரிபாதி பாலை. பிரிவே சங்கச் சமுதாயத்தின் தலையாய உணர்வு என்றும், வறட்சியும் பொருள்தேடிப் பெயர்தலும் அக்கால வாழ்வை ஆட்கொண்டிருந்தன என்றும் அவர் முடிவு கூறுகிறார். அட்டவணை துல்லியமானது, ஒரு பாடலும் விடுபடவில்லை. ‘அனைத்தும்’ கையில் உள்ளது.

ஆயின் அகநானூற்றைப் பாடம் சொன்ன ஆசிரியர் எவரும் இம்முடிவைக் கண்டு புன்னகைப்பர். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். இது தொகுத்தவர் வகுத்த திட்டம். 200 என்னும் எண் சங்கச் சமுதாயத்தின் குரலன்று, தொகுப்பின் ஒழுங்கமைப்பு. ஐங்குறுநூற்றிலோ திணைக்கு நூறாக ஐந்நூறு பாடல்கள், திணைக்கு ஒரு புலவர். இருநூல்களையும் சேர்த்துத் தரவைப் ‘பெரிதாக்கினால்’ 900 பாடல்களில் 300 பாலை, அதாவது மூன்றில் ஒரு பங்கு எனக் கிடைக்கும். (ஐங்குறுநூற்று நெய்தலில் இரு பாடல்கள் மறைந்துபோனதை ஈண்டு விட்டுவிடலாம்.) இந்த மூன்றில் ஒரு பங்கு எவருடைய உணர்வையும் சுட்டாது, இரு தொகுப்பாளர்களின் இருவேறு திட்டங்களைக் கூட்டி வகுத்ததால் வந்தது அது. தரவு கூடக்கூட உண்மை தெளியும் என்பார்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை எனலாம்.

அடியளவும் இவ்வாறே. குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி எனப் பாடல்கள் நீளத்தால் பிரிக்கப்பட்டுத் தொகைகளாயின. அரசர், போர், ஊர் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் குறுந்தொகையைவிட அகநானூற்றில் மிகுதி என்பது பலரும் எடுத்துக்காட்டுவது. அதனைக் கால வேறுபாட்டுக்கோ புலவர்தம் சார்புக்கோ சான்றாக்குமுன், இருபதடிப் பாடலில் உவமைக்குள் ஒரு போர்க்களத்தைப் பொதிந்து வைக்க இடம் உண்டு, ஐந்தடிப் பாடலில் அவ்விடம் அரிது என்பதை எண்ண வேண்டும். வரலாற்றுக் குறிப்பு மிகுந்த பாடல்கள் நீண்டவையாதலின் நெடுந்தொகைக்குள் சென்று சேர்ந்தன. அத்தகைய பாடல்களைத் தேடி எடுத்தவர் தொகுப்பாளர் அல்லர். அவர் வைத்த அடியளவே அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டது.

இனி, கிடைத்தவை அனைத்தும் இருந்தவை அனைத்துமல்ல என்பது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. பரிபாடல் எழுபதில் முழுமையாக நின்றவை 22. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் மறைந்தன. ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் அலைந்த அலைச்சலை அறிந்த துறை நம்முடையது. ‘அனைத்தும்’ என்னும் சொல்லை நம்மால் கூச்சமின்றிச் சொல்ல இயலாது.

சொல்லை எண்ணுவதும் தோன்றும் அளவுக்கு எளிதன்று. ‘மா’ என்று தேடினால் விலங்கு, குதிரை, மாமரம், பெருமை, கருமை யாவும் ஒரே குவியலாக வரும். மற்றொரு சொல்லோடு புணர்ந்து நின்ற ‘மா’ வராமலே போகும். சொற்களைப் பிரித்துப் பதிப்பித்த பதிப்பில் ஒரு விடை, சீர் பிரித்த பதிப்பில் வேறொரு விடை. பதம் பிரித்தவர் உரையாசிரியர் ஒருவரின் பொருள்கோளை ஏற்றே பிரித்திருப்பார். ஆகவே கணினி தரும் எண்ணுக்குள் ஓர் உரை ஒளிந்திருக்கிறது.

இதனால் எண்ணிக்கை ஆய்வே வேண்டாம் என்று கூறுவதாகக் கொள்ளலாகாது. ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் ஆசிரியர் யார் என்னும் வழக்கிலிருந்த பன்னிரண்டை ஃபிரெட்ரிக் மாஸ்டெல்லர், டேவிட் வாலஸ் ஆகியோர் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் ஜேம்ஸ் மேடிசனுக்கு உரியவை எனக் காட்டினர். அவர்கள் எண்ணியவை பொருட்சிறப்பற்ற சிறு இடைச்சொற்களையே. வினா ஒன்று, ஆசிரியர் ஐயமின்றித் தெரிந்த கட்டுரைகள் ஒப்பீட்டுக்கு, எழுதுவோர் அறியாமலே கையாளும் சொற்கள் அளவுகோலாக. தரவு சிறிது; தொகுத்த முறை தெளிவு. சங்க இலக்கியத்தில் ஒரே பெயரில் வழங்கும் புலவர் ஒருவரா பலரா என்னும் பழைய வழக்குக்கு இம்முறை பயன்படலாம் என்றே தோன்றுகிறது.

இங்குள்ள தரவு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்துக்கு வரும்போது வினா இன்னும் நெருக்கமாகிறது. சிங்கப்பூரின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2015ஆம் ஆண்டு, தேசிய நூலகத்தின் துணையோடு 1965 முதல் வெளிவந்த ஏறத்தாழ 350 இலக்கிய நூல்கள் மின்வடிவாக்கப்பட்டன. போற்றத்தக்க பணி இது. ஆனால் அதில் ஒரு சொல்லை எண்ணுவோர், நூலாக வந்தவற்றையே எண்ணுகின்றனர். இங்குச் சிறுகதையும் கவிதையும் வளர்ந்தது பெரிதும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில். அச்சுச் செலவைத் தாங்கக்கூடியவர் நூல் போட்டார். தோட்டப்புறத்திலிருந்து அஞ்சலில் கதை அனுப்பியவர் பலரின் எழுத்து இதழோடு நின்றது. 1965க்கு முன் மலாயாவும் சிங்கையும் இலக்கியத்தில் ஒரே களமாக இருந்தன. ஆண்டெல்லை வகுத்த உடன் அக்களம் அறுபடுகிறது. தொகுத்தவர்கள் மீது குறை காண்பதன்று இது. எல்லையை அவர்கள் வெளிப்படையாகவே கூறியுள்ளனர். எல்லையை மறந்து, சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையில் இன்ன பொருளே மேலோங்கியுள்ளது என அட்டவணை போடுபவரே பொறுப்பு.

ஆசிரியர்க்கு இது வெறும் ஆய்வுச் சிக்கலன்று. தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய சொற்களைப் பயன்பாட்டு மிகுதியை வைத்துத் தெரிவு செய்வது மொழிக்கல்வியில் ஏற்கப்பட்ட முறை. மிகுதியை எந்தத் தொகுப்பில் காண்பது? எளிதில் கிடைக்கும் மின்தரவு நாளிதழ்ச் செய்தியே. செய்தித் தமிழைக் கணக்கிட்டால் ‘அமைச்சர்’, ‘நடவடிக்கை’, ‘குற்றச்சாட்டு’ முதலியன மேலே ஏறும். ‘பசி’, ‘பாட்டி’, ‘தூறல்’ கீழே இறங்கும். வீட்டில் தமிழ் பேசும் வாய்ப்புக் குறைந்த பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டிய சொற்கள் பட்டியலின் அடியில் தங்கிவிடும். வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து தொகுப்பதோ மெதுவான, செலவு மிகுந்த, வீடு வீடாகச் சென்று செய்ய வேண்டிய வேலை. பெற்றோரின் இசைவு வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவோர் வேண்டும். எத்தகைய குடும்பங்கள், எவ்வூரார், எவ்வயதினர் என முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். மோரி கப்பல் தலைவர்களுக்குக் கொடுத்த படிவம் போன்ற ஒன்று முதலில் எழுதப்பட வேண்டும்.

இதழ்களின் நிலையும் அதுவே. ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. அதன் பக்கங்களில் வந்த கதைகளைக் கணினி எண்ணுவதற்கு முன்னர், எந்த ஆண்டின் எந்த இதழ்கள் எந்த நூலகத்தில் உள்ளன, எவை இல்லை, இருப்பவற்றில் ஞாயிறு பதிப்பு சேர்த்துக் கட்டப்பட்டுள்ளதா என ஒருவர் அமர்ந்து பட்டியலிட்டாக வேண்டும். அப்பட்டியலில் ‘இல்லை’ எனக் குறிக்கப்படும் இடங்களும் தரவேயாகும். அவற்றையும் சேர்த்தே மின்வடிவாக்க வேண்டும்.